கரண்ட் வைத்த பக்கம் கை மரத்தால்: ஸ்டெம் செல்லா, வேறு வழியா?

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து சில வருடங்கள் ஓடியிருக்கும். ஒருநாள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குறுகுறுக்கும். அப்புறம் மரக்கும். இன்னும் சில மாதங்களில் தலைவாரக் கை எழும்பாது, ரவிக்கை ஹூக் மாட்ட விரல் ஒத்துழைக்காது. செக்கப்பில் கட்டி எதுவும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். கை மட்டும் மெல்ல மெல்லச் சூம்பிக்கொண்டு போகும். செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஸ்டெம் செல் விளம்பரம்தான்.

இதற்குப் பெயர் கதிர்வீச்சால் வரும் பிரேக்கியல் பிளெக்ஸோபதி. கழுத்துப் பகுதியில் சி5 முதல் டி1 வரையுள்ள நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, காரை எலும்புக்குப் பின்னால் இறங்கி, அக்குள் வழியாகக் கைக்குப் போகின்றன. காரை எலும்புக்கு மேலும் அக்குளிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கதிர் கொடுக்கும்போது இந்தப் பின்னல் அதே பாதையில் கிடக்கிறது. ஒரு தடவைக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), மொத்தம் 50 கிரே என்ற இன்றைய அளவில் நூறு பேரில் ஓரிருவருக்கு மேல் வருவதில்லை. 1960, 70களில் ஒவ்வொரு தடவையும் பெரிய அளவு கொடுத்தார்கள், கதிர்ப் புலங்கள் (கதிர் விழும் பகுதிகள்) ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, பாதிப்பும் மிக அதிகம். பிரிட்டனில் அப்படிக் கை போன பெண்கள் 1991இல் ‘ரேஜ்’ என்ற அமைப்பையே தொடங்கினார்கள். கதிர் முடிந்து சில மாதங்களிலும் வரும், இருபது வருடம் கழித்தும் வரும். பழைய முறையில் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் இன்றும் மருத்துவமனை வாசலில் நிற்பது இதனால்தான்.

முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: ஸ்டெம் செல், பென்டாக்ஸிஃபிலினோடு வைட்டமின் ஈ, அதியழுத்த ஆக்ஸிஜன், வலி மாத்திரையோடு பிசியோதெரபி, அறுவை சிகிச்சை. ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் எடைபோடலாம். மருந்து பாதிப்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறதா? மனிதரிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு உண்டா? கெட்டால் எவ்வளவு கெடும்? பிடிக்கவில்லை என்றால் நிறுத்தித் திரும்ப முடியுமா? நான்காவது கேள்வியைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள்.

முதலில், புற்று திரும்பவில்லை என்று உறுதியாக வேண்டும்

கை மரப்பதற்குக் கதிர் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. புற்று திரும்பி அதே நரம்புப் பின்னலில் படர்ந்தாலும் இதே தொல்லைதான் வரும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இப்படி வந்த 100 பேரைப் பிரித்துப் பார்த்து 1981இல் வெளியிட்டார்கள். 78 பேருக்குக் கட்டி, 22 பேருக்குக் கதிர். அந்த ஆய்வு சொன்ன அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. கட்டி என்றால் பெரும்பாலும் தொடக்கம் முதலே கடும் வலி, சுண்டுவிரல் பக்கம் பலவீனம், சில சமயம் அதே பக்கக் கண்ணிமை தொங்கிப் பாவை சுருங்குவது. கதிர் என்றால் வலி குறைவு, மரப்பு அதிகம், கூடவே கை வீக்கம். இவை சாய்வுகள்தான், சட்டம் இல்லை.

காடோலினியம் என்ற சாயமருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் புற்றைத் தேடும் பெட்-சி.டி. ஸ்கேன், அதோடு தசையின் மின்துடிப்பைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. மூன்றும் சேர்ந்துதான் விடை தரும். ஈ.எம்.ஜி. அறையில் தசைக்குள் ஊசியை வைத்ததும் ஒலிபெருக்கியில் படைவீரர்கள் வரிசையாக நடப்பதுபோல் தாளம் கேட்டால் அது மயோகைமியா. கதிர்ப் பாதிப்பின் பக்கம் தராசைச் சாய்க்கும் வலுவான அடையாளம் அதுதான். ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். முதல் ஸ்கேன் தெளிவில்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும்.

கதிர் கொடுத்த மருத்துவமனையில் சிகிச்சைச் சுருக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, காரை எலும்புக்கு மேல் புலம் போட்டார்களா என்ற மூன்றும் அதில் இருக்கும். கழுத்து டிஸ்க், கார்ப்பல் டன்னல், சர்க்கரை, பி12 குறைவு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்தால் வரும் மரப்பு இரண்டு கை, இரண்டு காலிலும் கையுறை, காலுறை போட்டதுபோல் வரும்; ஒரே கையில் நிற்காது.

ஸ்டெம் செல்: போய்ச் சேருகிறதா என்பதே சந்தேகம்

இந்த நோயில் நரம்பு வெட்டுப்படவில்லை. அதைச் சுற்றித் தழும்புநார் கட்டி இறுக்குகிறது, நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன, இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பயிர் வாடுவது விதையில் குறை இருப்பதால் அல்ல, மண் இறுகித் தண்ணீர் இறங்காததால். அந்த மண்ணில் புது விதை தூவினால் என்ன ஆகும் என்பதுதான் ஸ்டெம் செல் பேச்சின் நடுக்கேள்வி.

கிளினிக்குகளில் பேசப்படுபவை பெரும்பாலும் மெசன்கைமல் வகை செல்கள். எலும்பு மஜ்ஜை, வயிற்றுக் கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுப்பவை. இவை நரம்பாக மாறிக் கைக்குள் வளரும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். இவற்றிடம் எதிர்பார்க்கப்படும் வேலை, வீக்கத்தைத் தணித்து ரத்தக்குழாய் வளரத் தூண்டும் பொருள்களைச் சுரப்பது மட்டுமே. விலங்குகளில் அதற்கு ஓரளவு அடையாளம் உண்டு. மனிதரில், கதிரால் கெட்ட பிரேக்கியல் பின்னலுக்கு இது பலன் தரும் என்று ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

எந்த வழியாகச் செலுத்துகிறார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சிரை வழியே சொட்டுநீராக ஏற்றினால் பெரும்பகுதி செல்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் மறைந்துவிடும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் விட்டால்? அந்த நீர் தண்டுவடத்தையும் வேர்களின் தொடக்கத்தையும் மட்டுமே சூழ்ந்திருக்கிறது. பின்னல் அந்த உறைக்கு வெளியே, காரை எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. மதுரை ஆளுக்கு எழுதிய கடிதத்தை, யாரும் வந்து எடுத்துப் போகாத ஒரு திருச்சித் தபால் பெட்டியில் விடுவதுபோல. கை, கால், மூளை என்று எல்லா நோய்க்கும் ஒரே முதுகு ஊசியைப் பரிந்துரைக்கும் இடம் உடற்கூற்றைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அல்ட்ராசவுண்டு பார்த்து நேராகப் பின்னல் அருகே செலுத்தலாம். ஆனால் கதிர் பட்ட இடத்தில் திசு கல்லாய் இறுகி, எது நரம்பு எது நார் என்று பிரிக்க முடியாமல் இருக்கும். ஊசி முனையே இருக்கிற இழையையும் கிழிக்கலாம்.

அடுத்து, பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? மஜ்ஜையை உறிஞ்சி அப்படியே செறிவாக்கினால் அதில் மெசன்கைமல் செல்கள் பத்தாயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. கொழுப்பிலிருந்து எடுப்பதில் விகிதம் கூடுதல், ஆனாலும் ரத்த செல், குழாய்ச் சுவர் செல் எல்லாம் கலந்த கலவைதான். வயிற்றிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைக் கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் கரைத்து, சுழற்றிப் பிரித்து, அன்றைக்கே செலுத்திவிடுவார்கள். கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் கல்ச்சர் முடிவு வருவதற்கு நாட்கள் ஆகும். அதாவது கிருமி இருந்தது என்ற செய்தி வரும்போது அது உடம்புக்குள் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆய்வகத்தில் பல வாரம் வளர்த்துப் பெருக்குவது இதைவிடச் சுத்தமானது. ஆனால் அதற்கு ஜி.எம்.பி. என்ற மருந்துத் தயாரிப்புத் தரமுள்ள கூடம் வேண்டும், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), உயிருள்ள செல் விகிதம், குரோமோசோம் சோதனை எல்லாம் எழுத்தில் வேண்டும்.

கெடுதல் கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015இல் ஒரு கிளினிக்கில் கண்ணுக்குள் கொழுப்புச் செல் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் தண்டுவட நீரில் செல் ஏற்றிக்கொண்ட 66 வயதுக்காரர் ஒருவரின் முதுகெலும்புக்குள் கட்டி வளர்ந்ததும், அந்தக் கட்டியின் செல்கள் வேறொருவருடையவை என்று தெரிந்ததும் 2016இல் வெளியானது.

புற்றிலிருந்து மீண்டவருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. ரத்தக்குழாய் வளரத் தூண்டுவதும் எதிர்ப்புசக்தியை அடக்குவதும் நரம்புக்கு நல்லதாக இருக்கலாம். எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லுக்கும் அவை நல்லவைதான். உள்ளே போன செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. பின்னாளில் முறையான ஆய்வு ஒன்று வந்தால், ஏற்கெனவே செல் ஏற்றிக்கொண்டவர்களைப் பெரும்பாலும் அதில் சேர்ப்பதும் இல்லை.

சட்டம் இங்கே குழப்பமில்லாமல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுதான் வழக்கமான சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கும் மஜ்ஜை மாற்று அந்த வகை. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே அனுமதித்த பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: பெங்களூருவின் ஸ்டெம்பியூசெல் பர்கர் நோயால் வரும் கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும், 2022இல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் அனுமதி பெற்றது. கதிர் பாதித்த நரம்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. மற்றதெல்லாம் ஆய்வு என்ற பெயரில் மட்டுமே நடக்கலாம், ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது, ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ‘ஆய்வில் சேர்க்கிறோம், லட்சக்கணக்கில் கட்டுங்கள்’ என்பது ஒரே வாக்கியத்தில் தன்னையே பொய்யாக்கிக்கொள்ளும் பேச்சு. மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் காட்டுவார்கள். அது பதிவுதான், அனுமதி இல்லை. அனுமதிக் கடிதம் தனி. அதையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப்பாருங்கள். நரம்பு இழை நன்றாக வளர்ந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். காரை எலும்பிலிருந்து விரல்வரை அறுபது, எழுபது சென்டிமீட்டர். இரண்டு வருடப் பயணம். நரம்புத் தொடர்பு அறுந்த தசையோ பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் அதை ஏற்கும் திறனை இழந்துவிடும். ‘ஆறு வாரத்தில் விரல் அசையும்’ என்ற வாக்குறுதியை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பென்டாக்ஸிஃபிலின், வைட்டமின் ஈ

தழும்புநாரைத் தளர்த்தும் எண்ணத்தில் தருவது. பென்டாக்ஸிஃபிலின் 400 மில்லிகிராம் காலை, இரவு சாப்பாட்டுக்குப் பின். வைட்டமின் ஈ ஒரு நாளைக்குச் சுமார் 1000 யூனிட் வரை. தோல், திசு இறுக்கத்தில் பலன் காட்டிய சேர்க்கை. நரம்புப் பின்னலுக்கு, குளோட்ரோனேட் என்ற மூன்றாவது மருந்தையும் சேர்த்து வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2020இல் வெளியானது. வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றம்தான். ஆனாலும் விலை குறைவு, நிறுத்தினால் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும் என்பதால், நோய் தொடக்கத்தில் இருக்கும்போது முயலும் மருத்துவர்கள் உண்டு. முயல்வதானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். தோல் இறுக்கத்தில் சில மாதத்தில் நிறுத்தியவர்களுக்கு இறுக்கம் திரும்பியதுண்டு. குமட்டல், முகம் சிவந்து சூடாவது சகஜம். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும், மூளையிலோ விழித்திரையிலோ அண்மையில் ரத்தக்கசிவு ஆனவர்களும் இதைத் தொடக் கூடாது.

அதியழுத்த ஆக்ஸிஜன்

மூடிய அறையில் அழுத்தம் கூட்டித் தூய ஆக்ஸிஜன் சுவாசிப்பது. கதிரால் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசிபவர்களுக்கு இது உதவியது என்று 2019இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதை வைத்து நரம்புக்கும் உதவும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நரம்புக்கே தனியாகச் செய்த பிரிட்டன் ஆய்வு 2001இல் வந்துவிட்டது. பிரேக்கியல் பின்னல் கெட்ட 34 பேர், ஆறு வாரத்தில் 30 தடவை, தடவைக்கு 100 நிமிடம். தொடுஉணர்வு திரும்பவில்லை. கை வீக்கம் கடுமையாக இருந்த இருவருக்கு மட்டும் வீக்கம் நன்றாகக் குறைந்தது. ஆறு வாரம் தினமும் போய்வருவது, காதடைப்பு, தற்காலிகக் கிட்டப்பார்வை எல்லாம் உண்டு. பிளியோமைசின் என்ற கீமோ மருந்து எடுத்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நுரையீரல் கெடும் ஆபத்து இருக்கிறது. மரப்புக்காக மட்டும் என்றால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வலி மாத்திரையும் கைப்பழக்கமும்

விளம்பரமே இல்லாத வழி இது. அன்றாட வாழ்க்கையில் அதிக வித்தியாசம் காட்டுவதும் இதுதான்.

எரிச்சலுக்கும் மின்சாரம் அடிப்பதுபோன்ற வலிக்கும் சில மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. மார்பகப் புற்று நோயாளிக்கு இவற்றில் இரண்டு பள்ளங்கள். டுலாக்செட்டின் நல்ல மருந்து, 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்குப் போவார்கள். ஆனால் புற்று திரும்பாமல் காக்கும் டாமோக்சிஃபென் மாத்திரையை உடலில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது தடுக்கிறது. டாமோக்சிஃபென் சாப்பிடுபவர் நரம்பு மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விட்டால், வலி குறையும், புற்றுக்கான காவலும் குறையும். வென்லாஃபாக்சின் அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரண்டாவது பள்ளம் பிரீகாபாலின். இரவில் 75 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். அதற்கு வீக்கம் ஒரு பக்கவிளைவு. ஏற்கெனவே வீங்கிய கை இன்னும் வீங்கினால் நோய் முற்றியதாக நினைத்து அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவார்கள். காபாபென்டினிலும் இது உண்டு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டின் அளவையும் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராம் தூக்கத்துக்கும் சேர்த்து உதவும், காலையில் வாய் உலரும். எந்த மருந்தையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபியில் இலக்கு நரம்பை வளர்ப்பது அல்ல. தோள் மூட்டு இறுகாமலும் தொங்கும் கை நரம்பை இழுக்காமலும் காப்பது. தோளில் கனமான பை மாட்டக் கூடாது, கையை வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டக் கூடாது. மணிக்கட்டு தொங்கினால் ஸ்பிளின்ட், தோள் இறங்கினால் ஸ்லிங். சமையலறைதான் ஆபத்தான இடம். மரத்த கையால் குக்கர் மூடியைத் தொட்டால் சுடுவது தெரியாது. தோல் சுருங்கிக் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கண் பார்த்துச் சொல்லும். வீங்கிய கையில் அந்தக் கொப்புளம் இரண்டு நாளில் செல்லுலைடிஸ் என்ற தோல் தொற்றாகிக் காய்ச்சலோடு படுக்கவைத்துவிடும். தண்ணீர்ச் சூட்டை நல்ல கையால் பார்ப்பது, சோறு வடிக்காமல் குக்கருக்கு மாறுவது, வலப்பக்கம் பாதித்தவர் அரிவாள்மனையை ஓரங்கட்டுவது ஆகியவை எந்தச் சீட்டிலும் எழுதித் தரப்படுவதில்லை.

அறுவை சிகிச்சை

நாரைப் பிரித்து நரம்பை விடுவிப்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கதிர் பட்ட நரம்புக்கு மிச்சமிருக்கும் ரத்த ஓட்டம் அந்த நார் வழியாகத்தான் வருகிறது. பிரிக்கும்போது அதுவும் போய்க் கை மோசமாகலாம். வலி தாங்க முடியாதவர்களுக்கு, அனுபவமுள்ள கையில் மட்டும் பேச வேண்டியது. நரம்பு மாற்று வேறு கதை: வேலைசெய்யும் ஒரு நரம்பின் கிளையை முழங்கை மடக்கும் தசைக்கு அருகே இணைத்தால் இழை வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. நன்கொடை நரம்பு இன்னும் கெடாமல் இருக்க வேண்டும், தசை செயலிழந்து ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தசைநாரை இடம் மாற்றுவதுதான் மிச்சம். கைப்பிடி பலவீனமாகத் தொடங்கியதுமே ஒரு பிளெக்சஸ் (நரம்புப் பின்னல்) அறுவை நிபுணரைப் பார்த்துவைப்பது நல்லது. பார்ப்பதால் கத்தி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எந்த வரிசையில்

எங்கள் தீர்ப்பு இப்படி. கட்டி இல்லை என்று உறுதிசெய்ததும் அன்றே வலி மருந்தும் பிசியோவும் தொடங்க வேண்டும். தொடக்க நிலையில், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவருக்குப் பென்டாக்ஸிஃபிலின் ஆறு மாதம் முயலலாம், பெரிதாக எதிர்பார்க்காமல். முழங்கை மடங்காத நிலை வரும்போது, வருடம் தாண்டுவதற்குள், நரம்பு மாற்று பற்றிப் பேச வேண்டும். அதியழுத்த ஆக்ஸிஜன் வீக்கம் கடுமையானவருக்கு மட்டும். ஸ்டெம் செல் பணம் கட்டி வாங்கும் பொருளாக இந்த வரிசையில் வரவே வராது. கட்டணமில்லாத, அனுமதி பெற்ற ஆய்வு திறந்தால், புற்று மருத்துவர் சம்மதித்தால், அப்போது பேசலாம். செல்கள் வெளிவிடும் நுண்பைகளை ‘எக்ஸோசோம்’ என்று பெயர் மாற்றி விற்பதற்கும் இதே பதில். அமெரிக்க மருந்து நிர்வாகம் இதுவரை எந்த எக்ஸோசோம் பொருளையும் அனுமதித்ததில்லை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். புற்று மருத்துவரிடம் தேதி, செலுத்திய வழி, தொகுதி எண் மூன்றையும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாளும் பாட்டில் ஸ்டிக்கரும் இருந்தால் எடுத்துப் போங்கள். ஊசி போட்ட இடத்தில் வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட ஆறாத முடிச்சோ சீழோ வரலாம். 2022இல் மெக்ஸிகோவில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய அமெரிக்கர்களுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி அப்படித்தான் வந்தது. சாதாரண கல்ச்சரில் அது தவறிப்போகும். சீழை அனுப்பும்போது மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.